முடிவாகாத ஒரு கேள்வியோடு வாருங்கள்

கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் போல ஆய்வாளருக்கு வசதியான ஆள் வேறு யாரும் இல்லை. அவர் எழுந்து போக முடியாது; போனால் நம்பர் போய்விடும். கையில் கேள்வித்தாளோடு ஒரு பிள்ளை வந்து "அம்மா, பத்து நிமிஷம்தான்" என்று கேட்டால் அவர் மறுக்கவும் மாட்டார். கேட்கிற பிள்ளைக்கும் உள்ளே இருக்கும் டொக்டருக்கும் என்ன தொடர்பு என்று அவருக்குத் தெரியாது. மறுத்தால் மருந்து தருகிற இடத்தில் முகம் மாறுமோ என்ற யோசனை வரும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மாளிகாவத்தை, தெமட்டகொடைப் பக்கத்திலிருந்து அரசாங்க வைத்தியசாலை கிளினிக்குகளுக்குப் போகிறவர்கள் இப்படி எத்தனையோ தரம் பதில் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன பதில் எங்கே போனது, அதனால் என்ன மாறியது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

நானும் அந்த வரிசையில் இருப்பவள்தான். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அம்மாவுக்கும் அதே வருத்தம். கடைசிக் காலத்தில் கால் விரல்களை எடுக்க வேண்டி வந்தது. சில வருடங்களாகக் கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் நானும் வேறு சில நோயாளர்களும் பங்காளிகளாக இருக்கிறோம். இரத்தம் கொடுக்கவோ கேள்விக்குப் பதில் சொல்லவோ நாங்கள் அங்கே போவதில்லை. எதை ஆராய்வது, எப்படி ஆராய்வது, வந்த முடிவை யாருக்கு எப்படிச் சொல்வது என்று பேசுவதற்குப் போகிறோம். இப்படி ஒரு குழுவைத் தொடங்க நினைக்கும் ஆய்வாளர்களுக்கும், நாளைக்கு இப்படி ஒரு அழைப்பு வரக்கூடிய நோயாளர்களுக்கும் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

குழுவின் தலைவி ஒரு பெண் டொக்டர். அவருடைய கவலை நியாயமானது. கொழும்பு நகரத்துப் பெரியவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கிளினிக்கில் பதிந்தவர்களில் பலர் கொஞ்ச நாள் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். பிறகு கண் மங்கி, காலில் புண்ணோடு வார்டுக்கு வருகிறார்கள். கிளினிக் திகதிக்கு முதல் நாள் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வருகை கூடுமா என்று பார்ப்பதுதான் முதலில் அவர்கள் போட்ட திட்டம். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. அதற்கு முன்பே எங்களைக் கூப்பிட்டார்கள். நல்ல விஷயமெல்லாம் அதனால்தான் நடந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தக் கூட்டத்தில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், முதலில் பேசினார். "மகள், எனக்குத் திகதி மறக்கிறல்ல. கிளினிக் கொப்பிய கலண்டரோடயே கட்டி வச்சிருக்கன்." அடுத்தது மட்டக்குளியில் மீன் விற்கும் அண்ணன். கிளினிக்குக்குப் போகிற நாளில் அவருக்கு உழைப்பு இல்லை. ஒரு நாள் என்றால் சமாளிப்பாராம். இரத்தம் கொடுக்க ஒரு நாள், டொக்டரைப் பார்க்க இன்னொரு நாள், மருந்து முடிந்துவிட்டது என்றால் வெளியில் வாங்கக் காசு தேடி மூன்றாவது நாள். 2022ல் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் ஒன்றாக வந்த காலத்தில் நின்றவர்கள் பலர் திரும்பி வரவே இல்லை என்று ஒரு சிங்கள அக்கா சொன்னார். அதையெல்லாம் கேட்ட பிறகு எஸ்.எம்.எஸ். திட்டத்தைப் பார்த்தால், யாருக்கும் இல்லாத மறதிக்கு மருந்து தேடியது போல இருந்தது.

அப்போது ராத்தா இன்னொன்று சொன்னார். 2020ல் ஊரடங்கு போட்டிருந்தபோது கிளினிக் மருந்தைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாரே, அது ஏன் நின்றது? அறையில் இருந்த டொக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. சுகாதாரத் துறையும் தபால் திணைக்களமும் சேர்ந்து நாடு முழுக்கச் செய்த வேலை அது. ஆனால் அவர்கள் அதை ஒரு அவசரகால ஏற்பாடாகவே பார்த்திருந்தார்கள். வருத்தக்காரருக்கு அது அந்த வருடத்தில் கிடைத்த பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை ஆய்வுக் கேள்வியாக மாற்ற முடியும் என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் சொன்ன பிறகுதான் அறைக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் அடக்க முடியாது. தபாலில் மருந்து என்பது ஒரு வைத்தியசாலையோ ஒரு பல்கலைக்கழகமோ தனியே தீர்மானிக்கிற விஷயம் இல்லை. ஆகவே எஸ்.எம்.எஸ். ஓரத்துக்குப் போனது. இரத்தப் பரிசோதனையும் டொக்டரைப் பார்ப்பதும் ஒரே நாளில் முடிந்தால், கொப்பியில் திகதியோடு நேரமும் எழுதிக் கொடுத்தால் வருகை மாறுமா என்பது முக்கியக் கேள்வியாக வந்தது. நாங்கள் பேசியதால் மாறிய முதல் முடிவு இதுதான். இதை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வு எந்த வேகத்தில் இறுகிப்போகும் என்பது நோயாளர்களுக்குத் தெரியாது. ஆய்வாளர்களோ அதற்குப் பழகிவிட்டதால் கவனிப்பதில்லை. திட்டம் எழுதி, நிதி கிடைத்து, ஒழுக்கவியல் மீளாய்வுக் குழு அனுமதி கொடுத்த பிறகு ஒரு கேள்வியை மாற்றுவதென்றாலும் திருத்தம் எழுதித் திரும்ப அனுப்ப வேண்டும். காசு எந்தெந்தத் தலைப்பில் செலவாக வேண்டும் என்பதும் அதற்குள் எழுதப்பட்டுவிடும். அந்தக் கட்டத்தில் நோயாளரைக் கூப்பிட்டு "உங்கள் கருத்து என்ன" என்று கேட்டால், அவர் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் அதை வைக்க இடம் இருக்காது. கேட்டவருக்கும் சங்கடம், சொன்னவருக்கும் சலிப்பு.

அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வந்தது. கூட்ட அறிவித்தலின் மேல் வரியில் "இன்று தீர்மானிக்க வேண்டியது" என்று ஒரு விஷயம் இருக்க வேண்டும். உண்மையிலேயே முடிவாகாத விஷயமாக அது இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் கூட்டம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டால் போதும். அடுத்த கூட்டம் போன முறை நாங்கள் சொன்னதோடு தொடங்கும்: எதைச் செய்தார்கள், எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் இரத்தம் எடுக்கலாமே என்று ஒருமுறை கேட்டோம். ஆளும் இல்லை, நிதியும் இடம் தராது என்று காரணத்தோடு சொன்னார்கள். சரி என்று விட்டுவிட்டோம். ஒருவரும் கோபிக்கவில்லை. காரணத்தோடு சொன்ன மறுப்பை எங்கள் ஆட்கள் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பேசியது காற்றோடு போய்விட்டது என்ற நினைப்பு வந்தால்தான் அடுத்த கூட்டத்தில் கதிரைகள் காலியாக இருக்கும்.

உலகத்தில் வேறு இடங்களில் இது எப்படி வளர்ந்தது என்று டொக்டர் அவ்வப்போது சொல்வார். முழங்கால் தேய்வு பற்றி 2000ல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஒரு பிரித்தானிய ஆய்வைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நன்றாக மனதில் நிற்கிறது. ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி மருந்தையும் அறுவைச் சிகிச்சையையும் சுற்றி நடந்துகொண்டிருந்தது. முழங்கால் வலியோடு வாழ்கிறவர்களைக் கேட்டபோது அவர்கள் வருத்தத்தைப் பற்றிய நல்ல விளக்கம், உடற்பயிற்சிச் சிகிச்சை, அன்றாடம் சமாளிக்கும் வழிகள் என்று வேறு பட்டியல் வைத்திருந்தார்கள். 2004ல் அங்கே ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு தொடங்கியது. நோயாளர், அவரைப் பராமரிப்பவர், வைத்தியர் மூவரும் ஒரே மேசையில் இருந்து அந்த நோயில் முதலில் ஆராய வேண்டிய பத்துக் கேள்விகளைச் சேர்ந்து தெரிவுசெய்வதுதான் அதன் வேலை. மூட்டுவாத ஆய்வாளர்களின் ஒமெராக்ட் மாநாட்டுக்கு 2002ல் முதன்முதலாக நோயாளர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் பேசியது களைப்பைப் பற்றி. வீக்கமும் வலியும் அளக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆளைப் படுக்க வைக்கும் களைப்பு போதிய கவனம் பெறவில்லை. சில வருடங்களில் அதுவும் அளக்க வேண்டியவற்றின் வரிசைக்கு வந்தது.

அந்தக் கதையைக் கேட்ட அன்று எங்கள் கூட்டம் சூடு பிடித்தது. எங்கள் ஆய்வில் வெற்றியை எதை வைத்து அளப்பது? மூன்று மாதச் சராசரி சீனி குறைந்ததா என்று பார்ப்பதே ஆய்வாளர்களின் முதல் எண்ணம். அது தேவையான அளவுதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மீன் அண்ணனுக்கு மாதத்தில் எத்தனை நாள் உழைப்புப் போகிறது என்பதும் அளவுதான். ராத்தாவுக்கு, கூட்டிப் போக ஆள் இல்லாமல் மகளை வேலைக்கு லீவு போடச் சொல்ல வேண்டி வருவதும் அளவுதான். இரண்டையும் கேள்வித்தாளில் சேர்த்தார்கள். சீனி அளவு மாறாமல் இருந்து, ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டு நாள் உழைப்பு மிஞ்சினால் அந்த ஆய்வைத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது காசு விஷயம். இதைப் பேச ஆய்வாளர்களுக்குக் கூச்சம், எங்களுக்கு அதைவிடக் கூச்சம். ஆனால் மேசையைச் சுற்றிப் பாருங்கள்: பேராசிரியருக்குச் சம்பளம், ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம், கதவு திறக்கிறவருக்கும் சம்பளம். அன்றைய உழைப்பை விட்டு வந்தவர் நோயாளர் மட்டும்தான். "சமூக சேவை" என்று சொல்லி அதை மூடக் கூடாது. எங்கள் குழுவில் வருகைக்கு ஒரு தொகை உண்டு. எல்லாருக்கும் ஒரே தொகை, கூட்டம் முடிந்த கையோடு காசாகவே தருவார்கள். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் எல்லாரிடமும் நீட்ட வேண்டும். இது தானாக நடந்துவிடவில்லை. முதலில் பயணச் செலவுக்கு பில் கேட்டார்கள். தெருவில் மறித்து ஏறிய ஓட்டோவுக்கு யார் பில் தருவார்? வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டார்கள். சிலருக்குக் கணக்கே மகன் பெயரில்தான் இருக்கிறது. நான் கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒரு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தேன். பெயர், எங்கிருந்து வந்தார், தொகை, கையெழுத்து அல்லது கைநாட்டு. பேசிப் பேசித்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் காசை விண்ணப்பம் எழுதும்போதே தனித் தலைப்பில் எழுத வேண்டும். பிறகு தேடினால் எந்தத் தலைப்பிலும் அகப்படாது.

எங்கே கூடுவது, எப்போது கூடுவது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பல்கலைக்கழக வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டு, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று நாலு கேள்வி கேட்டால் பாதிப் பேர் அங்கேயே சுருங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்து நூலக மண்டபத்துக்குக் கூட்டத்தை மாற்றிய பிறகு பேச்சே மாறிவிட்டது. கொழும்பில் நாள் பார்ப்பதும் சாதாரண வேலை இல்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ. செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், அதற்குக் கத்தோலிக்கர் மட்டும் போவதில்லை. போயா தினத்தில் சிங்கள அக்காமார் விகாரைக்குப் போவார்கள். சனி காலை பிள்ளைகளின் டியூஷன். கடைசியில் புதன்கிழமை காலை ஒன்பதரை என்று முடிவானது, பள்ளி விடுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். பதினொன்றரைக்கு மேல் கூட்டம் நீளக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பு. இன்சுலின் போட்டுவிட்டு வந்தவர் சாப்பாடு தள்ளிப்போய் மேசையிலேயே வியர்த்து மயங்கலாம். அப்புறம் தேநீர். முதலில் சீனி போட்ட பால் தேநீரும் கேக்கும் வைத்தார்கள், சீனி வருத்தக்காரரின் கூட்டத்தில். மரியாதைக்காக எல்லாரும் சாப்பிட்டார்கள். இப்போது அவித்த கடலையும் சீனியில்லாத பிளேன்டீயும்.

இரண்டு மொழிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று பலர் கேட்கிறார்கள். ஒரே அறையில் எல்லாரையும் வைத்துச் சிங்களத்தில் தொடங்கினால் தமிழ் பேசும் பெண்கள் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில்தான் பேசுவார்கள். ஆகவே முதல் முக்கால் மணி நேரம் தமிழில் ஒரு வட்டம், சிங்களத்தில் ஒரு வட்டம். பிறகு ஒன்றாகக் கூடி, இரு பக்கமும் ஒருவர் எழுந்து தங்கள் வட்டத்தில் பேசியதைச் சொல்வார். மொழிபெயர்ப்பவர் கிளினிக் ஊழியராக இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். நாளைக்கு மருந்து எடுத்துத் தரப் போகிறவர் முன்னால் கிளினிக்கின் குறையை யார் சொல்வார்கள்?

சம்மதப் படிவத்தையும் இந்த வட்டத்தில் வைத்துத்தான் திருத்தினோம். செய்கிற முறை எளிது. ஒரு பந்தியைச் சத்தமாக வாசிப்போம். கேட்டவர் கொப்பியைப் பார்க்காமல் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். அவர் சொன்னது வேறாக இருந்தால் பந்தியைத்தான் மாற்ற வேண்டும், ஆளை இல்லை. "நீங்கள் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம்" என்ற வரியைக் கேட்டதும் ஒரு ஐயா, "அப்ப கிளினிக்கிலயும் பெயர் வெட்டிப்போடுவாங்களா?" என்றார். அந்தப் பயம் படிவம் எழுதியவர்களின் மனதில் எட்டியே இருக்காது. விலகினாலும் கிளினிக் கொப்பி, மருந்து, டொக்டர் எதுவும் மாறாது என்று தனி வரி சேர்த்தோம். அடுத்து, சிகிச்சை கொடுக்கிற டொக்டரே சம்மதம் கேட்கக் கூடாது, வேறு ஒருவர் கேட்க வேண்டும் என்றும் மாற்றினார்கள். 1964ல் வந்த ஹெல்சிங்கிப் பிரகடனத்தை 2024ல் திருத்தியபோது, ஆய்வில் பங்குபற்றுவோரோடும் அவர்களின் சமூகத்தோடும் ஆய்வுக்கு முன்பும் நடுவிலும் பிறகும் பொருளுள்ள ஈடுபாடு இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அந்த ஐயாவின் கேள்வியைக் கேட்டு ஒரு வரி சேர்ப்பதுதான் அந்த ஈடுபாட்டின் நடைமுறை உருவம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் இல்லாமல் கண்டுபிடித்திருக்கவே முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நேர்காணல்கள் முடிந்த பிறகு, பெயரை எடுத்துவிட்டுச் சில பகுதிகளை எங்களுக்கு வாசித்தார்கள், என்ன விளங்குகிறது என்று கேட்பதற்காக. ஒரு பகுதியில் ஒரு பெண்: சந்தியில் இடியப்பம் விற்பவர், மகன் கத்தாரில், ஒரு கால் விரல் எடுத்தவர். வாசித்து முடிப்பதற்குள் எங்களில் இரண்டு பேருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. பெயரை எடுத்ததால் ஆள் மறைந்துவிட்டார் என்று குழு நினைத்திருந்தது. கொட்டாஞ்சேனையில் பெயரைவிடத் தொழிலும் சந்தியும் பிள்ளை போன நாடும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பெண் கணவருக்கே சொல்லாத விஷயத்தை அந்த நேர்காணலில் சொல்லியிருந்தார். உடனே வாசிப்பதை நிறுத்தினோம். அதன் பிறகு எங்கள் கைக்கு எது வந்தாலும், தொழில், இடம், குடும்ப விவரம் மூன்றையும் மாற்றியோ பொதுவாக்கியோதான் வரும். எங்கள் பகுதி ஆட்களின் பேச்சை எங்களுக்கு வாசிக்காமல் வேறு பகுதியிலிருந்து வரும் பங்காளிகளுக்கு வாசிப்பார்கள். நாங்களும் வெளியில் பேச மாட்டோம் என்று கையெழுத்து வைத்தோம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ல் இயற்றப்பட்டது. ஆனால் ஒரு தெருவில் யாருக்கு யாரைத் தெரியும் என்பதைத் தெருவில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் குழுவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கிளினிக்குக்கு ஏன் வருவதில்லை என்று ஆராய்கிறோம். மேசையில் இருப்பவர்கள் எல்லாம் கிளினிக்குக்கு வருகிறவர்கள். வந்து நின்றவர்களை எங்கே தேடுவது? இதற்கு வழி சொன்னது நான் மருந்து வாங்கும் பாமசிக்காரர். கிளினிக்கை விட்டவர்கள் பலர் பழைய மருந்துத் துண்டைக் காட்டி மாத்திரையைக் கையிலிருக்கும் காசுக்கு ஏற்றபடி வாங்குகிறார்கள், காசு இல்லாத வாரம் விட்டுவிடுகிறார்கள். அவர்களின் முகம் அவருக்குத் தெரியும். அவரே கேட்டு, விரும்பியவர்களை மட்டும் எங்களோடு சேர்த்துவிட்டார். அப்படி வந்த ஒருவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. கூட்டத்துக்கு வர அவருக்கு நேரம் இல்லை. ஆகவே ஆய்வு உதவியாளர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பேசினார். எல்லாரையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை, சிலரிடம் மேசைதான் போக வேண்டும். எங்களைப் பார்த்து "தமிழ் நோயாளர்களின் குரல்" என்று யாராவது எழுதினால் நான் மறுத்துவிடுவேன். தோட்டத்து லயத்திலிருந்து கொழும்புக்கு வந்து கடையிலேயே படுத்துறங்கும் பிள்ளைக்கும் எனக்கும் வருத்தம் ஒன்றாக இருக்கலாம், வாழ்க்கை ஒன்றில்லை.

அழைப்பு வந்திருக்கும் நோயாளர்களுக்கு: சம்மதிக்கும் முன்பு சில கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள். காசு எங்கிருந்து வருகிறது? எவ்வளவு காலத்துக்கு? எது இன்னும் முடிவாகவில்லை? அறிக்கையில் என் பெயர் வருமா, வரவேண்டாம் என்று சொல்லலாமா? எனக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டரே குழுவில் இருந்தால் நான் யாரிடம் முறையிடுவது? எங்கள் குழுவில் இதற்காகவே சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவரின் போன் இலக்கம் தந்திருக்கிறார்கள். பங்காளியாகப் போனதற்காகக் கிளினிக்கில் முன்னுக்கு நம்பர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்படித் தந்தாலும் வாங்க வேண்டாம், அடுத்த நாளே வரிசையில் உங்கள் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். தனியாகப் போகாதீர்கள். டொக்டர்கள் நிறைந்த அறையில் ஒரே ஒரு நோயாளர் இருந்தால் அவர் வாய் திறப்பது கஷ்டம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பார். உங்கள் கதையை ஒவ்வொரு மேடையிலும் சொல்ல வேண்டும் என்ற கடமையும் இல்லை. அம்மாவின் கால் பற்றி நான் சில கூட்டங்களில் பேசியிருக்கிறேன். சில நாட்களில் இன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒருவரும் வற்புறுத்தவில்லை.

இளம் ஆய்வாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்குப் பட்டம் முடிக்கத் தவணை இருக்கிறது, மேற்பார்வையாளர் இருக்கிறார், கட்டுரை வெளியிட வேண்டிய அவசரம் இருக்கிறது. நோயாளரோடு உட்கார்ந்தால் வேலை மெதுவாகும் என்று அவர்கள் பயப்படுவது புரிகிறது. மெதுவாகும்தான். ஆனால் எங்கள் கேள்வித்தாளில் விளங்காத கேள்விகளை முன்கூட்டியே எடுத்துவிட்டதால் களத்துக்குப் போன பிள்ளைகளுக்கு ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரவில்லை. மேற்பார்வையாளர்கள்தான் இதற்கு அட்டவணையில் இடம் விட வேண்டும். கடைசி மாதத்தில் "நோயாளர் கருத்தும் எடுத்தோம்" என்று ஒரு வரி எழுதுவதற்காக எங்களைக் கூப்பிட வேண்டாம்.

முடிவுகளைத் திருப்பிச் சொல்வது பற்றித் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் செய்துகொண்டோம். சஞ்சிகையில் கட்டுரை வருவதற்குக் காலம் எடுக்கும், வந்தாலும் அது ஆங்கிலத்தில்தான் வரும். பதில் சொன்னவர்களுக்கு ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்துப் பெரிதாக ஒரு தாள், வாசிக்க முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, அதே கிளினிக் மண்டபத்தில் ஒரு காலை நேரத்துப் பேச்சு என்று மூன்றையும் திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். குரல் பதிவில் யார் பேசுவது என்று கேட்டபோது எல்லாரும் ராத்தாவைக் காட்டினார்கள். அவர் இரண்டு நாள் யோசித்து, மகளிடம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். கண்டது நாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தாலும் அப்படியே சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

இப்போது அதே குழு அடுத்த ஆய்வுக்குத் தயாராகிறது, சீனி வருத்தக்காரரின் கால் பராமரிப்பைப் பற்றி. இம்முறை விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதும் முன்பே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் கொண்டுபோன பட்டியல் நீளமானது. உச்சி வெயிலில் கோவில் வீதியில் செருப்பில்லாமல் நடந்து, உணர்ச்சி குறைந்த பாதம் சுட்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வீடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கால் கழுவி ஒளூச் செய்த பிறகு விரல் இடுக்கு ஈரமாகவே இருந்துவிடுகிறது. கண் மங்கியவர் தன் பாதத்தைத் தானே பார்க்க முடியாது, பார்த்துச் சொல்ல வீட்டில் பகலில் ஆளும் இல்லை. கிளினிக்கில் சொல்கிற மூடிய செருப்பின் விலையைப் பற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மீன் அண்ணன் தன் கேள்வியைக் கடைசியில் வைத்தார்: விடியற்காலையிலிருந்து ஈரத் தரையில் நிற்கிற காலுக்கு எந்தச் செருப்பு? அதற்கு அங்கிருந்த டொக்டர் எவரிடமும் பதில் இருக்கவில்லை. வரும் புதன்கிழமை தீர்மானிக்க வேண்டியதில் அதைத்தான் முதலாவதாகப் போட்டிருக்கிறார்கள்.